1994 ஒற்றைத் தோட்ட கேபர்னே: எந்த மணி நேரத்துச் சுவையை வைத்துத் தீர்ப்பு சொல்வது?

இளவேனில் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கிலுள்ள ஓக்வில் பகுதியில், ஒரே தோட்டத்துத் திராட்சையிலிருந்து செய்த 1994 விளைச்சல் கேபர்னே சாவின்யோன் சிவப்பு ஒயின் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து திறந்தோம். தயாரிப்பாளர் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன்; பெயர் வந்துவிட்டால் பேச்சு அதைச் சுற்றியே போய்விடும். எங்களுக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதனால் இங்கே கேட்கிறேன்.

குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

ஒயினின் மட்டம் கழுத்தின் அடிப்பகுதியில் இருந்தது. தக்கையின் கீழ்ப்பாதி நன்றாக ஊறிக் கறுத்திருந்தது. மேல்பாதி உலர்ந்துபோய், திருகுகம்பி இறங்கும்போதே பொடிந்தது. நிறம் நடுவில் இன்னும் அடர்ந்த மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல். முதல் மணம் அடைத்துக் கிடந்த அறையின் வாடை. அதற்குப் பின்னால் தைல இலை, புதினா, சீவிய பென்சில். கருந்திராட்சை (பிளாக்கரண்ட்) என்று சொல்ல அப்போது எதுவுமே இல்லை. வாயில் புளிப்பு முந்தியது, துவர்ப்பு மென்மையாக இருந்தது, விழுங்கியதும் சட்டென்று அடங்கிவிட்டது.

அரை மணி நேரத்தில் அறை வாடை போனது. ஒரு மணி நேரம் கழித்துக் காய்ந்த கருந்திராட்சை, புகையிலை, தேவதாரு எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன. இரண்டாம் மணியில் மிக அழகாக இருந்தது. மூன்றாம் மணியில் புளிப்பு மீண்டும் தலைதூக்கி, மணம் மெலிந்துவிட்டது.

ஒருவர் “காலம் கடந்த ஒயின்” என்றார். இன்னொருவர் 100க்கு 95 கொடுத்தார். எனக்குத் தெரிய வேண்டியது: எந்த நேரத்துச் சுவையை வைத்து முடிவு சொல்வது? பழமணம் இல்லாதது குறையா? அந்தப் புதினா மணம் தோட்டத்தின் சிறப்பா, பழுதா?

நிலவறை எழுதியது:

இளவேனில், மூன்று மணி நேரத்தை வரிசையாக எழுதியிருப்பது பெரிய உதவி. முதல் வாயோடு முடிவுகட்டும் குறிப்புகளை வைத்துக்கொண்டு பேச எதுவும் இருக்காது.

பழமணம் குறைந்ததை மட்டும் வைத்து வீழ்ச்சி என்று சொல்லக்கூடாது. இளம் கேபர்னேயில் முகத்தில் அடிக்கும் கருந்திராட்சை, செர்ரி மணங்கள் பாட்டிலுக்குள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். எவ்வளவு பெரிய தோட்டமாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அவற்றின் இடத்தில் புகையிலை, தேவதாரு, பதனிட்ட தோல், காய்ந்த அத்தி, மழை நனைத்த மண் போன்றவை எழுந்திருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். பழம் போய், அங்கே எதுவும் வராமல், புளிப்பும் மரக்கசப்பும் மட்டும் மிஞ்சினால் அது வீழ்ச்சி. தயங்காமல் அப்படியே சொல்லிவிடலாம்.

நிறத்துக்கும் இதே பார்வைதான். கேபர்னேயின் பழம் சிறியது, தோல் தடித்தது, சதையோடு ஒப்பிட்டால் விதை அதிகம். ஆகவே நிறமியும், துவர்ப்பைத் தரும் டானினும் தொடக்கத்திலேயே நிறைய இருக்கும். ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. ஊதா மெல்ல மெல்ல மாதுளைக்கும், பிறகு செங்கல் நிறத்துக்கும் நகர்கிறது. இந்த வயதில் விளிம்பு செங்கலாக இருப்பது இயல்பு. நடுப்பகுதியும் பழுப்பேறி ஒளி மங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உங்களுடையதில் நடுவில் மாதுளைச் சிவப்பு நிற்கிறது.

நான் மணத்தைவிட வாயை நம்புகிறவன். ஒயின் நாக்கின் நடுவில் நிறைந்து நிற்கிறதா, அங்கே ஒரு பள்ளம் விழுகிறதா? துவர்ப்பு ஈறுகளைச் சுரண்டுகிறதா, சலித்த மாவுபோல் மெல்லப் படர்கிறதா? விழுங்கிய பிறகு கடைசியாக மறைவது எது, பழத்தின் இனிமையா, வெறும் புளிப்பா? இனிமையும் புளிப்பும் சேர்ந்தே மறைந்தால் அந்த ஒயினில் உயிர் இருக்கிறது. முதலில் “சட்டென்று அடங்கிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் மணியில் விழுங்கிய பின் என்ன ஆனது? அதைக் குறிப்பில் காணோம். என் பதில் முழுவதும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கரிசல் எழுதியது:

நிலவறை ஐயா ஒரு படியைத் தாண்டிப் போய்விட்டார். முதிர்ச்சியா வீழ்ச்சியா என்று பேசுவதற்கு முன், அந்த பாட்டில் பழுதில்லாதது என்று உறுதியாக வேண்டும்.

“அடைத்துக் கிடந்த அறை” என்பதும் “கருந்திராட்சை எதுவுமே இல்லை” என்பதும் ஒரே குறிப்பில் வந்தால் எனக்கு உடனே தக்கைப் பழுதின்மேல்தான் சந்தேகம் வரும். டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பூஞ்சை பிடித்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். அதைவிடக் குறைவாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். வாடை தெரியாது, ஆனால் பழமணம் ஊமையாகிவிடும். இந்தச் சேர்மம் மணம் உணரும் செல்களையே மட்டுப்படுத்துகிறது என்று 2013இல் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீர்ப்பல்லியின் செல்களில் சோதித்துக் காட்டினார்கள். அருமையான பழைய ஒயின்கள் “வயதாகிவிட்டது” என்ற பழியோடு கழிவுத்தொட்டிக்குப் போவதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தவறு செய்தது தக்கை, தண்டனை திராட்சைக்கு.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நெடுங்காலம் மூடிக் கிடந்ததால் வரும் வாடை காற்றுப் பட்டதும் கலைந்துவிடும். தக்கைப் பழுது கலையாது. நேரம் ஆக ஆகப் பெரும்பாலும் தூக்கலாகவே தெரியும். அந்த அறை வாடை உண்மையிலேயே போனதா, அல்லது மூக்குக்குப் பழகிவிட்டதா? வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்து முகர்ந்து பார்த்தீர்களா?

பதனிட்ட தோல் மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லியதாக இருந்தால் அது வயது தந்த மணமாக இருக்கலாம். குதிரைலாயமும் கட்டுப்போடும் பிளாஸ்திரியும் சேர்ந்து வந்தால் அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. அது பீப்பாயில் நுழைந்த குடித்தனக்காரன்; அதன் மணத்தைத் தோட்டத்தின் கணக்கில் வரவு வைக்கக்கூடாது.

இளவேனில் எழுதியது:

கரிசல், வாடை உண்மையிலேயே போய்விட்டது. தாமதமாக வந்த ஒரு நண்பர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முதல்முறையாக முகர்ந்தார். அவரிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவர் புகையிலையையும் புதினாவையும் சொன்னார், பூஞ்சையோ அட்டையோ சொல்லவில்லை. குதிரைலாயமும் இல்லை.

நிலவறை ஐயா, விட்டுப்போனதை இப்போது சொல்கிறேன். இரண்டாம் மணியில் விழுங்கிய பிறகு சுவை நெடுநேரம் நின்றது. முதலில் காய்ந்த பழம், பிறகு புகையிலை, அதற்கும் பிறகு மேலண்ணத்தில் ஒரு குளிர்ச்சி. பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் அதையே கவனித்துக்கொண்டிருந்தோம். நாக்கின் நடுவில் பள்ளம் எதுவும் இல்லை. துவர்ப்பு மாவுபோல் இருந்தது என்ற சொல் மிகப் பொருத்தம்.

கரிசல் எழுதியது:

அப்படியானால் தக்கைப் பழுது இல்லை. என் சந்தேகத்தை விலக்கிக்கொள்கிறேன். தாமதமாக வந்த அந்த நண்பர் உங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி.

நிலவறை எழுதியது:

எனக்கும் விடை கிடைத்துவிட்டது. அது வீழ்ந்த ஒயின் இல்லை. முழு முதிர்ச்சியில் இருக்கிறது, ஆனால் மூன்றாம் மணியில் மெலிந்தது என்பதால் முதிர்ச்சியின் பின்பகுதிக்கு வந்துவிட்டது. இன்னும் வளர இடமுள்ள ஒயின் மூன்று மணி நேரத்தில் களைத்துப் போகாது. ஆகவே இரண்டாம் மணியில் அது எட்டிய உயரத்தை வைத்துத் தரத்தைச் சொல்லுங்கள். மூன்றாம் மணியை வைத்து இன்னும் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதைச் சொல்லுங்கள். உங்கள் நண்பர்கள் இருவரும் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பார்த்ததால்தான் சண்டை வந்திருக்கிறது.

செம்மண் எழுதியது:

புதினா பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லை. நான் வருகிறேன்.

தைல இலை மணத்துக்குக் காரணமான சேர்மம் சினியோல். அது திராட்சைக்குச் சொந்தமானது இல்லை, அருகில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தோட்டத்திலேயே சோதித்துப் பார்த்தது. மரங்களுக்கு அருகிலுள்ள வரிசைகளின் பழத்தில் சினியோல் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. பழத்தோலில் படிவது போதாதென்று, உதிர்ந்த இலைகளும் அறுவடையோடு சேர்ந்து தொட்டிக்குள் போய்விடுகின்றன. ஓக்வில்லின் மார்த்தாஸ் வைன்யார்ட் என்ற தோட்டத்து ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் புதினாவையும் யூகலிப்டஸையும் சொல்லாமல் இருப்பதில்லை. ஹைட்ஸ் நிறுவனம் அந்தத் தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டது 1966 விளைச்சலிலிருந்து. கலிபோர்னியாவில் தோட்டப் பெயரோடு வந்த கேபர்னேக்களில் அது முன்னோடி. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனாவரா கேபர்னேயிலும் இந்தக் குளிர்ச்சி அடிக்கடி உண்டு. சுண்ணாம்புப் பாறையின்மேல் செம்மண் படர்ந்த நிலம் அது, என் பெயரும் அங்கிருந்துதான் வந்தது.

இந்த மணத்தைப் பழுது என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். மண்ணும் சரிவும் காற்றும் போல அந்த மரமும் அந்த இடத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதை வைத்துத் தரத்தைக் கூட்டுவதையும் ஏற்கமாட்டேன். அது இடத்தின் அடையாளம், அவ்வளவுதான். ஒயின் எந்தத் தோட்டத்தது என்று கண்டுபிடிக்க அது உதவும்; எவ்வளவு நல்லது என்று சொல்ல உதவாது. மற்ற மணங்களை மூடி மறைக்கும் அளவுக்கு மேலேறி நின்றால் குறையும்கூட.

இதோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குடைமிளகாய் மணம் வேறு சங்கதி. அது பைரசீன் வகைச் சேர்மத்திலிருந்து வருவது, திராட்சையிலேயே இருப்பது, காய் பழுக்கும்போதும் வெயில் படும்போதும் குறைவது. ஒருமுறை ஒயினுக்குள் வந்துவிட்டால் பாட்டிலில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் எளிதில் போகாது. தைலக் குளிர்ச்சி மூக்கின் மேல்பகுதியில் ஏறும். குடைமிளகாய்ப் பச்சை வாயின் பின்பகுதியில் கசப்போடு தங்கும். 1994இல் நாபாவில் பருவம் மிதமாகவும் நீளமாகவும் இருந்தது, பழம் நன்றாகப் பழுத்த ஆண்டு. இளவேனில் சொல்லும் “மேலண்ணத்துக் குளிர்ச்சி” முதல் வகை என்றே நினைக்கிறேன்.

தக்கை எழுதியது:

நான் மேலே கரிசல் திட்டிய தக்கை இல்லை, கவலை வேண்டாம்.

தோட்டத்தின் அடையாளம் என்று செம்மண் சொல்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி லேபிளில் ஒரு தோட்டத்தின் பெயரைப் போட வேண்டுமானால் குறைந்தது 95 விழுக்காடு திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும். திராட்சை வகையின் பெயரைப் போட 75 விழுக்காடு போதும். ஆகவே தோட்டம் ஏறக்குறைய முழுவதும் ஒன்றுதான், ஆனால் உள்ளே மெர்லோ, கேபர்னே ஃபிராங் போன்ற வேறு வகைத் திராட்சை கால்பங்கு வரை இருக்கலாம். நாக்கின் நடுவில் கிடைத்த நிறைவு கேபர்னேயுடையது என்று சொல்லுமுன் பின்லேபிளைப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம் கொடியைப் பற்றியது. 1980களிலும் 1990களிலும் ஃபைலோக்சிரா என்ற வேர்ப்பூச்சி நாபாவை உலுக்கியது. அங்கே பரவலாக நட்டிருந்த ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர்த்தண்டு (திராட்சைக் கொடியை ஒட்டுக்கட்டும் அடிச்செடி) அந்தப் பூச்சியைத் தாங்கவில்லை. தோட்டம் தோட்டமாகக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு வேர்த்தண்டில், வேறு இடைவெளியில், பல இடங்களில் வேறு திசையில் வரிசைபிடித்து மறுநடவு செய்தார்கள். 1994 அந்தக் காலத்தின் நடுவில் வருகிறது. அதே தோட்டத்தின் 2010 பாட்டிலை இதோடு ஒப்பிட்டு “தோட்டத்தின் குணம் மாறாமல் இருக்கிறது” என்று யாராவது எழுதினால், அங்கே அதே கொடிகள் நிற்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். நிலம் அதேதான் என்பதால் கொடியும் அதேதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நிலவறை எழுதியது:

தக்கை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். காலம் ஒரு வரிசையை எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்கு எழுத்தில் பதிவான சான்று ஒன்று இருக்கிறது, இந்த இழைக்கு அது தேவை.

1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர், பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னிய ஒயின்களையும் லேபிளை மறைத்து ஒப்பிட நடத்திய மறைசுவைப்பை எல்லோரும் அறிவீர்கள். சிவப்பு ஒயின்களில் நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பெற்றது. அந்தத் தோட்டத்தை நட்டது 1970இல், அதாவது மிக இளம் கொடிகளின் பழம். எல்லோரும் அந்த முதலிடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு ஆர்வம் அதற்குக் கீழே இருந்த கலிபோர்னிய ஒயின்களில்தான். ரிட்ஜ் மான்டி பெல்லோ 1971 ஐந்தாம் இடம். குளோ டு வால் 1972 எட்டாம் இடம். செம்மண் சொன்ன மார்த்தாஸ் வைன்யார்டின் 1970 ஒன்பதாம் இடம். மொத்தமே பத்து ஒயின்கள்.

கலிபோர்னிய ஒயின் இளமையில் இனிக்கும், முதுமையில் நிற்காது என்று அப்போது பலர் சொன்னார்கள். 1986இல் அதே விளைச்சல்களைத் திரும்பச் சுவைத்த நிகழ்வு ஒன்றில் முதலிடம் குளோ டு வாலுக்குப் போனது. 2006 மே 24 அன்று, சரியாக முப்பது ஆண்டு கழித்து, நாபாவிலும் லண்டனிலும் ஒரே நாளில் மீண்டும் சுவைத்தார்கள். மான்டி பெல்லோ 1971 முதலிடம். மார்த்தாஸ் வைன்யார்ட் 1970 மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. முதல் ஐந்தும் கலிபோர்னியாவுக்கே.

நடுவர்கள் வேறு, பாட்டில்கள் வேறு, அதையெல்லாம் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகும் ஒன்று நிற்கிறது. இளமையில் இறுக்கமாகவும் புளிப்பு தூக்கலாகவும் இருப்பதால் பின்தள்ளப்படும் ஒற்றைத் தோட்ட கேபர்னே, அந்தப் புளிப்பையும் துவர்ப்பையும் வைத்தே முப்பது ஆண்டைக் கடக்கலாம். இளவேனில் முதல் குறிப்பில் “புளிப்பு முந்தியது” என்று எழுதினார் அல்லவா, அந்தப் புளிப்பு இல்லாமல் அந்த ஒயின் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

கரிசல் எழுதியது:

எல்லாம் சரி. அந்த 95ஐ மட்டும் என்னால் விட முடியவில்லை.

கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரு சோதனை செய்து 2008இல் முடிவை வெளியிட்டார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை மூன்று தனித்தனி கோப்பைகளாக, மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து, தேர்ந்த நடுவர்களுக்கே கொடுத்தார். மூன்றுக்கும் ஒரே பதக்க வகுப்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேரை வைத்துச் செய்து 2001இல் வெளிவந்த ஆய்வில், சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினுக்கு மாணவர்கள் சிவப்பு ஒயினின் மணங்களையே எழுதினார்கள். கண் முதலில் பேசிவிடுகிறது, மூக்கு ஆமாம் போடுகிறது.

பழைய ஒயினில் இது இன்னும் கடுமை. செங்கல் விளிம்பைப் பார்த்த உடனே “புகையிலை, தோல்” என்று எழுதக் கை தயாராகிவிடும். லேபிளில் 1994 என்று பார்த்தால் பயபக்தி வந்துவிடும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 1959இல் வகுத்த 20 மதிப்பெண் அட்டையும் முதன்மையாகப் புது ஒயினின் குறைகளைப் பிடிக்க எழுந்தது. அதில் முப்பது வயது ஒயினை உட்காரவைத்தால் நிறத்திலேயே அதற்கு அநியாயம் நடந்துவிடும். எண்ணை விட்டுவிடுங்கள். எப்போது திறந்தது, எப்போது எழுந்தது, எப்போது மெலிந்தது, விழுங்கிய பின் எது நின்றது. இளவேனிலின் முதல் பதிவு அந்த 95ஐவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது, மனமாரச் சொல்கிறேன்.

மருதம் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், நிறையக் கற்றேன். ஒரு கேள்வி. இரண்டாம் மணியில்தான் நன்றாக இருந்தது என்றால், திறந்த உடனே டிகான்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்று காட்டினால் அந்த நிலைக்கு விரைவாகப் போகலாமே?

நிலவறை எழுதியது:

மருதம், இளம் கேபர்னேக்கு அப்படிச் செய்யுங்கள். இந்த வயதுக்குத் துணிய வேண்டாம். அகன்ற டிகான்டரில் ஊற்றினால் எழுச்சியும் மெலிவும் ஒரே நேரத்தில் நடந்து, அழகான பகுதி கையிலிருந்து நழுவிவிடக்கூடும்.

பாட்டிலை ஓரிரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கும். பொடியும் தக்கைக்குத் திருகுகம்பியை மட்டும் நம்பாமல், இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் இறக்கிப் பிடிக்கும் திறப்பானைப் பயன்படுத்துங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, ஒரே மூச்சில், பாட்டிலை ஆட்டாமல் குறுகிய டிகான்டருக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தில் கரும்புகைபோன்ற வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். அந்தக் கடைசி மிச்சத்தின் மேல் ஆசை வேண்டாம், அது கலந்தால் துவர்ப்பு கரகரப்பாகிவிடும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சூட்டில், கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி, கோப்பைக்குள்ளேயே காத்திருங்கள். காற்று அங்கே போதுமான அளவு கிடைக்கும்.

இளவேனில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பின்லேபிளைப் பார்த்தேன், கேபர்னே என்று மட்டும் இருக்கிறது, விழுக்காடு போடவில்லை. அதே பெட்டியிலிருந்து வந்த பாட்டில்கள் இன்னும் சில இருக்கின்றன. ஒன்றில் மட்டம் கழுத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றில் தோள்வரை இறங்கிவிட்டது. நிலவறை ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால் அதிக நாள் காத்திருக்கக்கூடாது. எதை முதலில் திறப்பது?

தக்கை எழுதியது:

தோள்வரை இறங்கியதை முதலில் திறவுங்கள், அதுவும் விரைவில். மட்டம் இறங்கியிருந்தால் தக்கை வழியே காற்று அதிகம் போயிருக்கிறது என்று பொருள். இனி அது காத்திருப்பதால் எந்த நன்மையும் இல்லை. ஒரே பெட்டி, ஒரே நிலவறை என்றாலும் இத்தனை ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலும் தனி ஒயின், ஆகவே முதல் பாட்டிலின் தீர்ப்பை இதன்மேல் சுமத்தாதீர்கள். திறந்த பிறகு தக்கையை நீளவாட்டில் பிளந்து, ஒயின் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, பக்கவாட்டில் கசிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதன் படத்தையும் குறிப்போடு இங்கே போடுங்கள்.